அட்லாண்டிக் சிட்டியின் வாயிற்காவலர்

குற்றவாளிகளைக் கூண்டில் நிறுத்தி வழக்காடுவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஓர் அரசாங்க வழக்கறிஞரை அழைத்து, சூதாட்ட விடுதிகளுக்கு லைசென்ஸ் வழங்கும் ஆசனத்தில் அமர்த்துவது அமெரிக்க நாட்டில் அபூர்வமான செயலன்று. பணம் பெருவாரியாகக் கைமாறும் இடத்தைக் கள்வர் நாடுவர். கள்வரின் போக்குவரத்துகளை நன்கு அறிந்தவர் அவர்களைத் தண்டித்துப் பழகிய வழக்கறிஞர். ஆகையால் அவரே அவ்விடத்துக்குத் தகுந்த காவலர் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். கேட்ட மாத்திரத்தில் இது மறுக்க முடியாததாகவே தோன்றுகிறது. ஆனால் 1977-ஆம் ஆண்டில் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ஜோசப் லார்டி என்பவர் ஒரு பதவியை விட்டு மற்றொன்றில் அமர்ந்த பிறகு நிகழ்ந்தவற்றை ஊன்றிக் கவனிப்பவர்களுக்கு, சூதாட்டத்தைக் காவல் செய்ய வந்தவரின் உறுதியைச் சோதிப்பது கள்வரின் சாமர்த்தியம் மட்டுமன்று, வருவாய்க்காகக் காத்திருக்கப் பொறுமையற்ற சர்க்காரின் அவசரமே அதைவிடக் கடுமையான சோதனை என்பது விளங்கும். நான் அறிந்த வரையில் இவ்வுண்மையை இவ்வளவு தெளிவாக எடுத்துக்காட்டும் வரலாறு வேறில்லை என்பதாலேயே அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

லார்டியின் உத்தியோக வாழ்க்கை எஸ்ஸெக்ஸ் ஜில்லாவைச் சார்ந்தது. நெவார்க் நகரைத் தலைநகராகக் கொண்ட அந்த ஜில்லா, நியூ யார்க்கின் எதிர்க்கரைக்கு அண்மையில், துறைமுகமும் தொழிற்சாலைகளும் நெருங்கிய ஒரு பிரதேசம். நியூ ஜெர்ஸியில் ஜில்லா அரசாங்க வழக்கறிஞரை, அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் நடப்பது போல, ஜனங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை; கவர்னர் பெயரைக் குறிக்க, மாநில செனட் சபை சம்மதம் தெரிவிக்க, அவர் ஐந்தாண்டுக் காலத்துக்கு நியமனம் பெறுகிறார். இவ்விதம் 1959 முதல் 1968 வரை அந்த ஆசனத்தை வகித்தவர் பிரெண்டன் பர்ன். குண்டர் தலைவர்கள் தமக்குள் பேசிக்கொண்ட பேச்சை ஃபெடரல் துப்பறியும் இலாகாவினர் ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்தனர். அந்தப் பதிவு பிற்காலத்தில் வெளியானபோது, பர்னைப் பணத்தால் வாங்க முடியாது என்று அவர்களே சலித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. எதிரிகளின் வாயிலிருந்து கிடைத்த அந்த நற்சாட்சிப் பத்திரமே 1973-ஆம் வருஷத்துக் கவர்னர் தேர்தலில் அவருடைய பெரும் பலமாயிற்று. அவர் விட்டுச் சென்ற வழக்கறிஞர் ஆசனத்துக்கு 1968-ல் வந்தவர்தாம் லார்டி.

அது அமைதியான காலமன்று. முந்திய ஆண்டு ஜூலை மாதத்தில் நெவார்க் நகரம் கலவரத்தில் மூழ்கி, 26 உயிர்களைப் பலி கொடுத்திருந்தது. அந்நகரின் மேயராயிருந்த ஹியூ அடோனீஸியோ, நகரசபைக் காண்டிராக்டர்களிடமிருந்து பணம் பறித்த குற்றத்துக்காக 1970-ல் ஃபெடரல் நீதிமன்றத்தில் தண்டனை அடைந்தார். வட நியூ ஜெர்ஸியின் ரகசியக் குற்றக் கூட்டத்தில் பெரும் புள்ளியென்று கருதப்பட்ட ஜெரார்டோ காடீனா, மாநில விசாரணைக் கமிஷனின் கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்ததற்காக அதே 1970-ல் சிறையில் அடைக்கப்பட்டு, ஐந்தாண்டுக் காலம் வாய் திறவாமலே அங்கு இருந்தார். சிறைவாசத்தைக் காட்டிலும் மௌனத்தையே பெரிதாகக் கருதும் மனிதர்கள் உலவிய ஜில்லாவில் அரசாங்க வழக்கறிஞராக இருந்தவருக்கு, சாட்சியம் எவ்வளவு அரிய பொருள் என்பதை ஒருவரும் கற்பிக்க வேண்டியிருந்திராது. காடீனாவின் பெயர் இவ்வரலாற்றில் மற்றொரு முறை வரப்போகிறது.

வழக்கறிஞர் பதவிக்கு வருமுன் லார்டி வகித்த உத்தியோகமும் கவனத்துக்குரியது. மாநிலத்தின் மதுபானக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கு அவர் டைரக்டராக இருந்தார். மதுக்கடைகளின் ஒழுங்கை மேற்பார்வையிட்டு, விதி மீறியவற்றின் லைசென்ஸைச் சில காலம் நிறுத்திவைக்கவோ முற்றிலும் பறிக்கவோ அந்த இலாகாவுக்கு அதிகாரம் உண்டு. அவர் காலத்தில், ஓரினச் சேர்க்கையாளர்கள் கூடுவதை அனுமதித்தன என்ற காரணத்துக்காகச் சில மதுக்கடைகளின் மீது அவ்வதிகாரம் பிரயோகிக்கப்பட்டது. கடைக்காரர்கள் மேல்முறையீடு செய்தனர். 1967 நவம்பரில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், ஒழுங்காக நடந்துகொள்ளும் மனிதர்கள் ஓரிடத்தில் கூடுவதே குற்றமாகாது என்றும், அவர்களை வரவேற்றதற்காகக் கடைக்காரரைத் தண்டிக்க இயலாது என்றும் தீர்ப்பளித்து இலாகாவின் உத்தரவுகளை ரத்துச் செய்தது. அந்தக் கடைகளுள் ஒன்று நெவார்க்கிலும், மற்றொன்று அட்லாண்டிக் சிட்டியிலும் இருந்தவை. லைசென்ஸ் அதிகாரம் என்பது எவ்வளவு எளிதாக நியாயத்தின் எல்லையைக் கடந்து சென்றுவிடும் என்பதற்கு அத்தீர்ப்பு என்றும் நிலைத்த அத்தாட்சி. ஜூரிகள் முன்னிலையில் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் நிரூபித்தாக வேண்டிய வழக்கறிஞருக்கு இல்லாத சுலபம் லைசென்ஸ் அதிகாரிக்கு உண்டு. அந்தச் சுலபமே ஆபத்தும் ஆகும்.

இனி அட்லாண்டிக் சிட்டியைக் குறித்துச் சொல்ல வேண்டும். கடற்கரை நெடுகிலும் மரப்பலகை பாவிய நடைபாதையும், அதன் ஓரத்தில் மாளிகை போன்ற ஓட்டல்களும் கொண்டு, ஒரு காலத்தில் கிழக்கு அமெரிக்காவின் கோடைவாசஸ்தலமாக விளங்கிய அந்நகரம், ஜனங்கள் விமானமேறித் தொலைதூரக் கடற்கரைகளுக்குப் போகத் தொடங்கியதும் தேய்ந்துபோயிற்று. 1964-ல் ஜனாதிபதித் தேர்தலுக்காக டெமாக்ரடிக் கட்சியின் மகாநாடு அங்கே கூடியபோது, வந்திறங்கிய பத்திரிகை நிருபர்கள் அதன் பாழ்பட்ட நிலையைத் தேசமெங்கும் பறைசாற்றினர். காஸினோ என்னும் சூதாட்ட விடுதிகள் வந்தால் நகரம் மறுபடி தழைக்கும் என்ற வாதம் இந்த நிலைமையில்தான் பிறந்தது. 1974-ல், மாநிலத்தின் எப்பகுதியிலும் காஸினோக்களுக்கு இடந்தரும் திட்டத்தை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். இரண்டாண்டுகள் கழித்து, அட்லாண்டிக் சிட்டி ஒன்றுக்கு மட்டும் என்று எல்லை வகுத்து, அதனால் வரும் வரி முதியோருக்கும் அங்கவீனர்களுக்கும் உதவும் என்று வாக்குறுதியும் சேர்த்து மறுபடி கேட்டபோது, சம்மதித்தார்கள். காஸினோவின் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அவ்வாறு ஒதுக்கப்பட்டது. முதியோரின் நலத்தைச் சூதாட்டத்தின் வருமானத்தோடு பிணைத்த அன்றே, அவ்வருமானம் விரைந்து வரவேண்டும் என்று சர்க்காரைத் தூண்டும் சக்தி ஒன்று தோன்றிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

1977 ஜூன் 2-ஆம் தேதி, அந்தக் கடற்கரை நடைபாதையிலேயே கூட்டம் கூட்டிக் கவர்னர் பர்ன் காஸினோ கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ரகசியக் குற்றக் கூட்டத்தாரை நேராக விளித்து, அவர்கள் தங்கள் அழுக்குக் கைகளை அட்லாண்டிக் சிட்டியின் மேல் வைக்கலாகாது, நியூ ஜெர்ஸிப் பக்கமே தலைகாட்டலாகாது என்று அவர் உரத்த குரலில் எச்சரித்தார். அப்பேச்சில் முன்னாள் வழக்கறிஞரின் தொனி நன்கு கேட்டது. புதிய காஸினோ கமிஷனுக்கு முதல் தலைவராக அவர் தேர்ந்தெடுத்ததும், எஸ்ஸெக்ஸ் ஜில்லாவில் தம் ஆசனத்தைத் தமக்குப் பின் வகித்த லார்டியைத்தான்.

அந்தச் சட்டத்தின் அமைப்பை அறிந்துகொண்டால்தான் லார்டியின் புதிய பதவி பழையதினின்றும் எவ்வளவு மாறுபட்டது என்பது புலப்படும். சட்டம் இரண்டு ஸ்தாபனங்களை ஏற்படுத்தியது. ஒன்று, மாநில அட்டர்னி ஜெனரலின் கீழுள்ள சூதாட்ட அமலாக்கப் பிரிவு. விண்ணப்பக்காரரின் பூர்வோத்தரங்களைத் துருவி ஆராய்ந்து, பணம் எங்கிருந்து வந்தது, கூட்டாளிகள் யார், முன்பு எங்கெங்கே தொழில் செய்தார் என்று கண்டறிந்து அறிக்கை அளிப்பது அதன் கடமை. மற்றொன்று, ஐந்து அங்கத்தினர் கொண்ட சுயேச்சையான கமிஷன். அவ்வறிக்கையையும் எதிர்வாதத்தையும் கேட்டு, லைசென்ஸ் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது அதன் பொறுப்பு. வழக்குரைக்கும் வேலை அமலாக்கப் பிரிவுக்கும், தீர்ப்புரைக்கும் வேலை கமிஷனுக்கும் சென்றதால், பல ஆண்டுகள் வழக்குரைத்த லார்டி இப்போது நீதிபதியின் ஆசனத்தில் அமர வேண்டியவரானார். அதற்குமேல் மற்றொரு தலைகீழ் மாற்றமும் இருந்தது. குற்ற வழக்கில், நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய பாரம் சர்க்காரைச் சேர்ந்தது. எதிரி பேசாமலே இருக்கலாம். லைசென்ஸ் விசாரணையிலோ, தம் நாணயமும் நன்னடத்தையும் பொருளாதாரத் தகுதியும் குறையற்றவை என்பதைத் தெளிவும் நம்பிக்கையும் அளிக்கத்தக்க சாட்சியத்தால் மெய்ப்பிக்க வேண்டியவர் விண்ணப்பக்காரர். சர்க்கார் ஒன்றும் நிரூபிக்காவிடினும், அவர் தம்மை நிரூபிக்கத் தவறினால் லைசென்ஸ் இல்லை.

இந்த நியதி கடுமையானது என்று கருதுவோர் உண்டு. ஆனால் காஸினோவை நடத்துவது ஒருவருடைய பிறப்புரிமையன்று. சர்க்கார் தன் பெயரால் அளிக்கும் விசேஷ சலுகை. நெவாடா மாநிலம் 1931-ல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிப் பல ஆண்டுகள் வரையில் அதைச் சரியாகக் கண்காணிக்கத் தவறியதனால், லாஸ் வேகாஸ் நகரத்தின் காஸினோக்களில் பணம் எண்ணும் அறையிலேயே, கணக்கில் ஏறுமுன், கத்தை கத்தையாக நோட்டுகள் மறைந்து தொலைதூரத்துக் குண்டர் தலைவர்களைச் சென்றடைந்தன. எண்ணப்படாத பணத்தைத் திருடியவனைக் குற்ற வழக்கில் பிடிப்பது மிகக் கடினம். எவ்வளவு இருந்தது என்பதற்கே சாட்சியம் இல்லை. ஆகவே, திருடியபின் பிடிப்பதைக் காட்டிலும், திருடக்கூடியவனை வாசலிலேயே தடுப்பது மேல் என்ற முடிவுக்கு நியூ ஜெர்ஸியின் சட்டகர்த்தர்கள் வந்தனர். ஒவ்வொரு காஸினோவுக்கும் 500 அறைகளுக்குக் குறையாத ஓட்டல் வேண்டும் என்றும், சீட்டுப் போடும் ஊழியர் முதல் டைரக்டர் வரை ஒவ்வொருவரும் தனித்தனியே லைசென்ஸ் பெற வேண்டும் என்றும், கமிஷனின் செலவைக் காஸினோக்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்றும் அவர்கள் விதித்தனர். கமிஷனிலும் அமலாக்கப் பிரிவிலும் வேலை செய்பவர்கள் தாங்கள் கண்காணிக்கும் காஸினோக்களில் ஒரு டாலரும் வைத்து ஆடக்கூடாது. காகிதத்தில் இவை யாவும் அழகாக அமைந்தன.

அவசரம் பிறகுதான் வந்தது. முதலில் விண்ணப்பித்த கம்பெனி ரிஸார்ட்ஸ் இண்டர்நேஷனல். மேரி கார்ட்டர் பெயிண்ட் என்ற பெயரில் வர்ணம் விற்றுக்கொண்டிருந்த இக்கம்பெனி, பகாமாஸ் தீவுகளில் காஸினோ நடத்தும் தொழிலில் இறங்கிப் பெயரையும் மாற்றிக்கொண்டது. 1976-ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் பிரசாரத்துக்குப் பெரும்பணம் கொடுத்ததும் அதுவே. அதன் முழு விசாரணை முடிவதற்குப் பல மாதங்கள் ஆகுமென்று தெரிந்தபோது, 1978-ன் தொடக்கத்தில் சட்டசபை சட்டத்தைத் திருத்தி, விசாரணை முடியுமுன்பே தற்காலிக அனுமதி தந்து காஸினோவைத் திறக்கலாம் என்று வழி செய்தது. 1978 மே 26-ஆம் தேதி பழைய ஓட்டல் ஒன்றின் கட்டடத்தில் ரிஸார்ட்ஸ் காஸினோ திறக்கப்பட்டது. கவர்னர் நாடாவை வெட்டினார். உள்ளே நுழைய ஜனங்கள் நடைபாதையில் நெடுநேரம் வரிசையில் நின்றார்கள். அவ்வாண்டின் எஞ்சிய ஏழு மாதங்களில் அந்த ஒரே காஸினோ ஈட்டிய மொத்த வருமானம் 13 கோடி டாலரைத் தாண்டியது.

அமலாக்கப் பிரிவின் அறிக்கை அவ்வாண்டின் இறுதியிலேதான் வெளிவந்தது. பகாமாஸில் கம்பெனி நடத்திய காஸினோவின் பழைய ஊழியரில் சிலருக்கு மெயர் லான்ஸ்கி என்ற குண்டர் தலைவரின் கூட்டத்தாரோடு இருந்த தொடர்பு, அத்தீவுகளின் அரசியல்வாதிகளுக்குச் சென்ற பணம் முதலான பல விஷயங்களைச் சுட்டிக்காட்டி, லைசென்ஸ் வழங்கலாகாது என்று அப்பிரிவு ஆட்சேபித்தது. லார்டியின் கமிஷன் 1979-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல வாரங்கள் விசாரணை நடத்திற்று. பழைய தொடர்புகள் அறுந்துவிட்டன என்று ஏற்றுக்கொண்டு, பிப்ரவரி மாதத்தில் ஏகமனதாக நிரந்தர லைசென்ஸை வழங்கிற்று. அத்தீர்மானம் தவறென்று நான் சொல்லத் துணியவில்லை. ஐவரும் சாட்சிகளை நேரில் கண்டு கேட்டவர்கள். ஆயினும் அவர்கள் எந்த நிலைமையில் அதைச் செய்தார்கள் என்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆயிரக்கணக்கானவர் அங்கே வேலைக்கு அமர்ந்துவிட்டனர். அதன் வரிப்பணம் முதியோர் நிதிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. மாநிலத்திலோ வேறு காஸினோ கிடையாது. கலியாணம் முடிந்து குழந்தையும் பிறந்தபின் மாப்பிள்ளையின் குலம் கோத்திரம் விசாரிக்கப் புறப்பட்ட பெரியவர்களின் நிலை அது. கதவை மூட அதிகாரம் இருந்ததா என்றால், இருந்தது. லைசென்ஸ் இழக்கும் காஸினோவை நடத்த ஒரு நம்பிக்கையாளரை நியமிக்கவும் சட்டம் இடந்தந்திருந்தது. ஆனால் பிறந்து ஓராண்டும் நிரம்பாத தொழிலில் அவ்வதிகாரத்தைப் பிரயோகிக்க அசாதாரணமான நெஞ்சுரம் வேண்டும். தற்காலிக அனுமதி என்ற ஏற்பாட்டினால், வாசலில் நின்று தடுக்க வேண்டியவரின் முன்னே, உள்ளே வந்து அமர்ந்துவிட்டவரை வெளியேற்றும் பிரச்னையைச் சர்க்காரே கொண்டுவந்து வைத்தது.

அடுத்த அடி எதிர்பாராத திசையிலிருந்து விழுந்தது. 1980 பிப்ரவரித் தொடக்கத்தில், ஆப்ஸ்காம் என்று பெயர் பெற்ற ஃபெடரல் துப்பறியும் ஏற்பாடு வெளியாயிற்று. பெருஞ் செல்வரான அரபு ஷேக்கின் பிரதிநிதிகள் என்று வேஷம் பூண்ட அதிகாரிகள், பல அரசியல்வாதிகளுக்கு லஞ்சம் கொடுத்து, அதைப் படச்சுருளில் பதிவு செய்திருந்தார்கள். காம்டன் நகர மேயரும் மாநில செனட்டருமான ஆஞ்சலோ எரிக்கெட்டி, காஸினோ லைசென்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு லட்சம் டாலர் அடங்கிய பெட்டியைப் பெற்றுக்கொண்ட சமயத்தில், கமிஷனின் உபதலைவர் கென்னத் மக்டானல்ட் அதே அறையில் இருந்தார் என்பது வெளியாயிற்று. அவர் உடனே ராஜீனாமாச் செய்தார். தாம் நிரபராதி என்றே கடைசிவரை சாதித்த அவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. ஆனால் வழக்கு விசாரணைக்கு வருமுன் 1982-ல் அவர் காலமாகிவிட்டார். ஆகவே அவர் குற்றவாளி என்று எந்த நியாயஸ்தலமும் தீர்ப்பளித்ததில்லை. ஐக்கிய அமெரிக்க செனட் சபை அங்கத்தினரான ஹாரிஸன் வில்லியம்ஸ், தாம் லார்டியிடமே பேசிக் காரியம் சாதித்ததாகப் பெருமையடித்துக்கொண்டதும் அந்தப் பதிவுகளில் இருந்தது. பிறருடைய பெயரைச் சொல்லித் தம் செல்வாக்கை விற்பவரின் வார்த்தையை ஆதாரமாகக் கொள்வது அபாயகரமானது. லார்டியின் மீது எக்குற்றச்சாட்டும் கொண்டுவரப்படவில்லை. ஆயினும், மற்றவர்மீது சந்தேகத்தின் நிழல் படிந்திருந்தாலே லைசென்ஸ் மறுக்கத்தக்க சட்டத்தை நிர்வகித்தவர் மீதே அந்த நிழல் விழுந்தது. அவர் அடைந்த வேதனையை ஊகிப்பது கடினமன்று.

இந்த விவகாரத்தில் வெளிப்பட்ட குறை மனிதர்களுடையது மட்டுமன்று, ஸ்தாபனத்தினுடையதுமாகும். கமிஷனில் தலைவர் ஒருவரே முழுநேர உத்தியோகஸ்தர். மற்ற நால்வரும் தத்தம் சொந்தத் தொழில்களைக் கவனித்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் கோடிக்கணக்கான டாலர் விஷயத்தைத் தீர்மானிக்க வந்தவர்கள். அவர்கள் யாரோடு பழகுகிறார்கள், யார் அவர்களைத் தேடி வருகிறார்கள் என்பதைக் கண்காணிக்க வழியே இல்லை. சிக்கனம் கருதிச் செய்த இந்த ஏற்பாட்டை, கேவலம் நேர்ந்த பிறகு பர்ன் அரசாங்கம் மாற்றி, ஐவரையும் முழுநேர அங்கத்தினராக்கிற்று. தற்காலிக அனுமதி கொடுக்கும் வழக்கத்தையும் கட்டுப்படுத்தியது.

அதே காலத்தில் நெவாடாவில், அம்மாநிலக் கமிஷனின் தலைவரும் பிற்காலத்தில் ஐக்கிய அமெரிக்க செனட் சபையின் பெரும்பான்மைத் தலைவராக உயர்ந்தவருமான ஹாரி ரீட், லஞ்சம் கொடுக்க வந்த ஜாக் கார்டனைத் துப்பறியும் இலாகாவிடம் தாமே ஒப்படைத்தார். 1978-ல் புதிய சூதாட்டக் கருவிகளுக்கு அங்கீகாரம் வேண்டி அந்த மனிதர் கொடுக்க முன்வந்தது 12,000 டாலர். ரீட் ஒரு காலத்தில் ஹெண்டர்ஸன் என்ற சிற்றூரின் நகர வழக்கறிஞராக இருந்தவர். சில ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மனைவியின் மோட்டார் காரில் வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டது. இத்தகைய பதவியை ஏற்பவர் பணத்தின் ஆசையை மட்டுமன்றி உயிர்ப்பயத்தையும் வெல்ல வேண்டியவராகிறார்.

லார்டியின் கமிஷனைக் குறித்து நியாயமாகப் பேசுவதானால், அது செய்த சிறந்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும். ஆப்ஸ்காமின் களங்கம் ஓய்வதற்குள், 1980-ன் இறுதி மாதங்களில், இரண்டு பெருங் கம்பெனிகளின் விண்ணப்பம் அதன்முன் வந்தது. ஸீஸர்ஸ் கம்பெனியை வளர்த்தவர்களான பெர்ல்மன் சகோதரர்கள், லான்ஸ்கியின் கூட்டாளியென்று அதிகாரிகள் கருதிய ஒருவரோடு நெடுங்காலம் வியாபார உறவு வைத்திருந்தனர். கம்பெனிக்கு லைசென்ஸ் தருவோம், ஆனால் அச்சகோதரர்கள் அதினின்றும் விலகியாக வேண்டும் என்று கமிஷன் கூறிற்று. நாணயம் போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்கள் செய்வதில் உலகப் பிரசித்தி பெற்ற பேலி கம்பெனியின் தலைவர் வில்லியம் ஓடானலுக்கும் அதே கதி நேர்ந்தது. அவருடைய ஆரம்பகாலக் கூட்டாளிகளில் ஒருவர், நெவார்க் வட்டாரத்தின் மௌனி என்று நாம் முன்பு கண்ட அதே காடீனா! ஐந்தாண்டுச் சிறைவாசத்தாலும் பேச வைக்க முடியாத ஒரு மனிதரின் பெயரே, குற்ற நிரூபணம் ஏதுமின்றி, அவரோடு கைகோத்தவரைத் தாம் கட்டி எழுப்பிய கம்பெனியிலிருந்து வெளியேற்றப் போதுமானதாயிற்று. எஸ்ஸெக்ஸ் ஜில்லாவின் பழைய அரசாங்க வழக்கறிஞருக்கு, நீதிமன்றத்தில் எட்டாத வெற்றி லைசென்ஸ் மண்டபத்தில் கிட்டியது என்றே சொல்ல வேண்டும். கட்டி எழுப்பியவரையே ஒரு கம்பெனியிலிருந்து விலக்கச் சர்க்காருக்கு உரிமை உண்டா என்ற வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982-ல் அந்நீதிமன்றம் கமிஷனின் அதிகாரத்தை உறுதிப்படுத்தியது. மதுக்கடை வழக்கில் லைசென்ஸ் அதிகாரத்தின் எல்லையைச் சுருக்கிய அதே நீதிமன்றம், காஸினோ விஷயத்தில் அதை விரித்துக் கொடுத்தது கவனிக்கத்தக்கது. ஒன்று, ஜனங்கள் கூடும் உரிமையைப் பற்றியது. மற்றொன்று, சர்க்கார் தரும் சலுகையைப் பற்றியது. இந்த வேறுபாடு எனக்கு முற்றிலும் நியாயமாகத் தோன்றுகிறது.

அத்தீர்ப்பு வந்தபோது லார்டி அந்த ஆசனத்தில் இல்லை. அவருக்குப்பின் வந்தவர்கள், அவர் கடைசியில் காட்டிய கண்டிப்பை மேலும் வளர்த்தனர். 1985-ல் உலகப் புகழ் வாய்ந்த ஹில்டன் கம்பெனி, கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய ஓட்டல் திறக்கத் தயாராக நிற்கையில், குற்றக் கூட்டத்தாரோடு உறவுடையவரென்று கருதப்பட்ட ஒரு சிகாகோ வக்கீலைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த காரணத்தால் லைசென்ஸ் மறுக்கப்பட்டு, கட்டடத்தையே டொனால்ட் டிரம்ப்புக்கு விற்றுவிட்டுப் போக நேர்ந்தது. 2007 டிசம்பரில், வெகுகாலமாக நடந்துவந்த டிராபிகானா காஸினோவின் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கமிஷன் மறுத்தது. மாநில உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அதன் நிர்வாகத்தை நம்பிக்கையாளராக ஏற்றார். சீட்டாட்டம் ஒரு நாளும் தடைப்படவில்லை; ஊழியர்களும் தெருவில் நிற்கவில்லை. 1979-ல் எட்டாக்கனியாகத் தோன்றிய காரியம் இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் சாதாரண நிர்வாகச் செயலாக முடிந்தது.

காவல் செய்தவரே பின்னர்க் காஸினோவின் ஊழியராகிவிடும் அபாயத்தையும் சட்டம் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருந்தது. கமிஷன் அங்கத்தினராக இருந்தவர் பதவி விலகியபின் நான்காண்டுகளுக்கு அந்த மாநிலத்துக் காஸினோ எதிலும் உத்தியோகம் ஏற்கலாகாது. ஊழியருக்கு இந்தத் தடை இரண்டாண்டுகள். ஆனால் மாநிலச் சட்டம் மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. ஸீஸர்ஸ், பேலி விசாரணைகள் நடந்த காலத்தில் அமலாக்கப் பிரிவின் டைரக்டராக இருந்தவர் மைக்கேல் பிரவுன். அவரும் சர்க்கார் வழக்கறிஞராக இருந்தவரே. பதவியை விட்டபின் அவர் வக்கீல் தொழில் நடத்தி, மலேஷியாவின் கெந்திங் மலைமேல் காஸினோ நிறுவிய லிம் கோ தோங்குக்கு ஆலோசகரானார். கனெக்டிகட் மாநிலத்தில் பீக்வாட் என்னும் பழங்குடியினர் 1992-ல் திறந்த ஃபாக்ஸ்வுட்ஸ் காஸினோவுக்கு லிம் மூலதனம் கொடுத்தார்; மறு ஆண்டில் பிரவுனே அந்த ஸ்தாபனத்தின் தலைமை நிர்வாகியானார். சில ஆண்டுகளுக்குள் அது உலகின் மிகப் பெரிய காஸினோக்களுள் ஒன்றாக வளர்ந்தது. பிரவுன் 1997-ல் அப்பதவியை விட்டு விலகினார். இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை. காஸினோவின் உள்ளும் புறமும் அறிந்தவரைக் காஸினோக்காரர்கள் விரும்பி அழைப்பதும் இயல்பே. எனினும், விண்ணப்பக்காரரை மறுக்கும் ஆசனத்தில் அமர்ந்திருப்பவர், நாளை தமக்குச் சம்பளம் தரக்கூடியவர்கள் அவர்களே என்பதை அறவே மறந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவத்துக்கு மேற்பட்ட கோரிக்கை. நான்காண்டுத் தடை போதாது என்பதே என் கருத்து.

இதற்கிடையில் அட்லாண்டிக் சிட்டியின் வருமானம் 2006-ல் 520 கோடி டாலரை எட்டி உச்சத்தில் நின்றது. அதன்பின் அண்டை மாநிலங்களிலும் காஸினோக்கள் திறக்கப்படவே சரிந்து, 2014-ஆம் ஆண்டு ஒன்றிலேயே நான்கு காஸினோக்கள் மூடப்பட்டன. சரிவு தொடங்கியவுடன் பழைய அவசரம் புதிய உருவத்தில் திரும்பியது. கட்டுப்பாட்டின் செலவு தாங்கவில்லை என்று காஸினோக்காரர்கள் முறையிட, 2011-ல் சட்டம் திருத்தப்பட்டது. காஸினோ தளத்தில் நாள்தோறும் நின்று கண்காணித்துவந்த கமிஷனின் இன்ஸ்பெக்டர்கள் விலக்கப்பட்டனர்; அன்றாட மேற்பார்வை முழுவதும் அட்டர்னி ஜெனரலின் கீழுள்ள அமலாக்கப் பிரிவுக்குப் போயிற்று; கமிஷன் மூன்று அங்கத்தினர் கொண்டதாகச் சுருங்கிற்று. 2013-ல் தொடங்கிய இன்டர்நெட் சூதாட்டமும், 2018-ல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக வந்த விளையாட்டுப் பந்தயமும் அப்பிரிவின் கையிலேயே இருக்கின்றன. காஸினோ லைசென்ஸை வழங்குவதும் மறுப்பதும் மட்டும் இன்றும் கமிஷனுடைய பொறுப்பு. வழக்குரைப்பவர் ஒருவர், தீர்ப்புரைப்பவர் மற்றொருவர் என்று 1977-ல் வகுத்த பிரிவினையில், லார்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாரோ அந்தப் பக்கத்துக்கே அதிகாரத்தின் பெரும்பங்கு இவ்வாறு திரும்பிச் சென்றுவிட்டது.